“என் ஆராய்ச்சியைப் படித்துப் பார்க்கக்கூட ஆளில்லை”

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்டிருப்பது வாசகர் ஒருவரின் பதினோரு பக்கக் கடிதம். கூடவே 140 பக்கத்துக்குத் தட்டச்சு செய்து ஸ்பைரல் போட்ட பிரதி ஒன்றும் வந்திருக்கிறது. எழுதியவர் கொங்குப் பக்கத்துக்காரர். பெயர், ஊர் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தரக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். முப்பத்திரண்டு வருடம் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். ஓய்வுப் பணத்தில் முதலில் வாங்கியது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. மொட்டைமாடியில் அதை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக வானம் பார்க்கிறார். பார்த்ததைப் படமாக வரைந்து, தேதியும் நேரமும் போட்டு நோட்டில் குறித்து வைக்கிறார். அப்புறம் புத்தகங்கள். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான்கு வருடத்தில் அது 140 பக்கமாக வளர்ந்திருக்கிறது.

அவர் சொல்வதைச் சுருக்கினால் இப்படி வரும். விண்மீன் திரள்களின் விளிம்பில் இருக்கும் நட்சத்திரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஒன்று இருப்பதாக விஞ்ஞானிகள் கற்பனை செய்துகொண்டார்கள். அப்படி ஒன்று தேவையே இல்லை. மில்லில் பெரிய புல்லி சுற்றும்போது அச்சுக்குப் பக்கத்துப் புள்ளியைவிட விளிம்புப் புள்ளி வேகமாகத்தானே ஓடும்? மிச்சத்தைக் காந்தப்புலம் பார்த்துக்கொள்ளும். அடுத்தது, தூரத்துத் திரள்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரிவதற்குப் பிரபஞ்சம் விரிவது காரணமில்லை. அவ்வளவு தூரம் வந்த ஒளி களைத்துப்போகிறது. ஆகவே பெருவெடிப்புக் கொள்கையே தவறு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களும் அதைத்தான் காட்டுகின்றன.

இதை அறுபது பேராசிரியர்களுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு பேர் நன்றி என்று ஒரு வரி போட்டார்கள். பக்கத்து நகரத்து வானியல் குழுவில் பேசியபோது சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அங்கே போவதில்லை. ‘சர்வதேச ஆய்விதழ்’ ஒன்று மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு 450 டாலர் கேட்கிறது. யாரோ ஓர் ஏஜென்ட் 35,000 ரூபாய் கொடுத்தால் கொள்கைக்குக் காப்புரிமை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இவரோ 1,60,000 ரூபாய் செலவில் ஆயிரம் பிரதி அச்சடிக்க நினைக்கிறார். பணம் கட்டலாமா, காப்புரிமை வாங்கலாமா, புத்தகம் போடலாமா என்று மூன்று கேள்விகள். நான்காவதாக ஒன்று: “ஒரு மில்காரன் சொன்னால் எடுபடவே படாதா?”

கடைசிப் பக்கத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. “அந்தப் பணம் ஒழுகுகிற மாடித் தளத்தைச் சரிசெய்ய வைத்தது. அவர் ராத்திரி தூங்கி மாசக் கணக்காகிறது.”

அன்புள்ள ஐயா,

உங்கள் 140 பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இத்தனை வருடத்தில் அதைப் படித்தேன் என்று உங்களிடம் யாருமே சொல்லவில்லை. நானும் முப்பது வருடம் வானியற்பியலில் இருந்தவள். இப்படி வந்த எத்தனையோ பிரதிகளுக்குப் பதில் போடாமல் விட்டிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் சந்தேகம் முட்டாள்தனமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கரும்பொருளின் ஒரு துகளைக்கூட இன்னும் யாரும் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பழைய தங்கச் சுரங்கம் ஒன்றுக்குள், தரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே, பத்து டன் திரவ செனானை வைத்துக்கொண்டு ஒரு துகளாவது மோதுமா என்று காத்திருக்கிறார்கள். வெளியிட்ட முடிவுகளில் எதுவும் சிக்கவில்லை. பிரபஞ்சம் விரியும் வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்துப் பழைய ஒளியிலிருந்து கணக்குப் போட்டால், சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் என்று வருகிறது. பக்கத்துத் திரள்களில் வெடிக்கும் நட்சத்திரங்களான சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் 73. இரண்டு தரப்பும் கவனமானவர்கள், இரண்டு எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இதைப் பற்றி எங்கள் கூட்டங்களில் நடக்கும் வாக்குவாதத்தை ஒரு தடவை நேரில் கேட்டீர்கள் என்றால், எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

எதிர்த்துப் பேசுபவர்களை வெளியே தள்ளிவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டிலேயே ஜயந்த் நார்லிகர் என்ற வானியற்பியலாளர் இருந்தார். பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாய்லோடு சேர்ந்து இளம் வயதிலிருந்தே பெருவெடிப்பை ஏற்காதவர். 1993இல் ஹாய்ல், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடும் சேர்ந்து மாற்றுக் கொள்கை ஒன்றை முன்வைத்தார். 2025 மே மாதம் இறக்கும்வரை தன் ஐயங்களை விடவில்லை. புணேயில் பல்கலைக்கழகங்களுக்கான வானியல் மையத்தைத் தொடங்கி நடத்தியவரும் அவர்தான், பத்ம விபூஷண் வாங்கியவரும் அவர்தான். அவர் கொள்கையைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் படித்தார்கள், மறுத்து எழுதினார்கள், அவரும் பதில் எழுதினார்.

ஒருதலையாகப் பேசக் கூடாது என்பதற்காக அமெரிக்க வானியலாளர் ஹால்டன் ஆர்ப்பையும் சொல்கிறேன். விசித்திர வடிவம் கொண்ட 338 திரள்களைப் படம் பிடித்து 1966இல் தொகுப்பாக வெளியிட்டவர். குவேசார்கள் என்ற மிகப் பிரகாசமான வான்பொருள்கள் தூரத்தில் இல்லை, பக்கத்துத் திரள்களிலிருந்து பிறந்தவை என்று வாதாடினார். எண்பதுகளின் தொடக்கத்தில் பாலோமர் தொலைநோக்கியில் அவருக்கு நேரம் ஒதுக்குவதை நிறுத்தினார்கள். அவர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். அது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் அவருக்கு நேரம் கிடைக்காததால் அவர் கொள்கை தோற்கவில்லை. பிற்பாடு லட்சக்கணக்கான குவேசார்களை அளந்தபோது அவை தூரத்தில்தான் இருக்கின்றன என்று தெரிந்தது; அவற்றின் ஒளியில், வழியில் இருக்கும் வாயு மேகங்களின் தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அநியாயமும் நடந்தது, அவர் சொன்னதும் தவறு. இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கலாம் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புல்லியும் விண்மீன் திரளும்

உங்கள் வாதத்தின் அச்சாணி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

புல்லியின் விளிம்பு ஏன் வேகமாக ஓடுகிறது? விளிம்பையும் அச்சையும் இரும்பு பிடித்து வைத்திருக்கிறது. அச்சு ஒரு சுற்று சுற்றினால் விளிம்பும் ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். விண்மீன் திரளில் அப்படிப் பிடித்து வைக்க எதுவும் கிடையாது. ஒவ்வொரு நட்சத்திரமும் தனித்தனியாக, தன் பாதைக்கு உள்ளே இருக்கும் பொருளின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுச் சுற்றுகிறது. அதற்குச் சரியான உவமை சூரியக் குடும்பம். புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, பூமி 30, நெப்டியூன் வெறும் 5.4. எடை முழுவதும் நடுவில் இருந்தால் வெளியே போகப் போக வேகம் குறைய வேண்டும்.

விண்மீன் திரள்களில் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது. அதனால் அங்கேயும் வேகம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவில் 67 ஒளிரும் வாயு மேகங்களின் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். குறையவில்லை. வெளியே போனாலும் ஏறக்குறைய அதே வேகம்.

இப்போது உங்கள் புல்லியைக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் வையுங்கள். புல்லியில் தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காக வேண்டும். ஆண்ட்ரோமெடாவில் தூரம் இரண்டு மடங்கானாலும் வேகம் அதேதான். வெளியே இருப்பது ஒரு சுற்று முடிப்பதற்குள் உள்ளே இருப்பது இரண்டு சுற்று போய்விடுகிறது. ஒரு புல்லி அப்படிச் சுற்றினால் முதல் நிமிடத்திலேயே உடைந்துபோகும், இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆக, நீங்கள் சொன்ன விளக்கம் அளந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. உங்கள் பிரதியின் 52ஆம் பக்கத்தில் நீங்களே வரைந்திருக்கும் வரைபடத்திலும் கோடு மட்டமாகத்தான் போகிறது. அதை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

காந்தப்புலம் விஷயத்துக்கு வருகிறேன். திரள்களுக்குக் காந்தப்புலம் உண்டு. பூமியினுடையதைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு வலுக்குறைந்தது. மின்னூட்டம் பெற்ற மெல்லிய வாயுவை அது கொஞ்சம் தள்ளும். சூரியன் மாதிரி ஓர் உருண்டையை அசைக்க அதனால் முடியாது. அப்படியென்றால் வாயு ஒரு வேகத்திலும் நட்சத்திரங்கள் வேறு வேகத்திலும் போக வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகின்றன. அதோடு, பல திரள்கள் கூடிய பெரிய கொத்துகளுக்குப் பின்னால் இருந்து வரும் ஒளி அவற்றின் ஈர்ப்பால் வளைகிறது, அந்த வளைவை வைத்தும் எடை போடுகிறோம். ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தம் அதை வளைக்காது. 2006இல் ஆராய்ந்த புல்லட் கொத்தில் இரண்டு கொத்துகள் மோதி, வாயு நடுவில் தங்கிவிட்டது. ஒளியை வளைக்கும் எடை மட்டும் இரண்டு பக்கமும் தள்ளிப் போயிருந்தது. வாயுதான் அங்கே இருக்கும் சாதாரணப் பொருளில் பெரும்பகுதி; ஆக, எடை வேறு எதிலோ இருக்கிறது. உங்கள் பிரதியில் இந்தக் கொத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கரும்பொருளுக்கு மாற்றை யாரும் தேடவில்லை என்பதும் சரியில்லை. இஸ்ரேலைச் சேர்ந்த மொர்தெகாய் மில்க்ரோம் 1983இல் தேடினார். ஈர்ப்பு மிக மிக மெலிந்துபோகும் இடத்தில் அதன் விதியே மாறுகிறது என்றார். மாண்ட் என்று அழைக்கப்படும் அந்தக் கொள்கையில் ஒரே ஒரு புதிய எண். எல்லாத் திரளுக்கும் அதே எண். மங்கலான திரள்கள் எப்படிச் சுற்றும் என்று அளப்பதற்கு முன்பே சொன்னார், பல இடத்தில் அப்படியே வந்தது. திரள் கொத்துகளில் அது தடுமாறுகிறது, அதனால்தான் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவில்லை. 2023இல், கையா விண்கலம் அளந்த இரட்டை நட்சத்திரங்களை வைத்தே ஒரு குழு மாண்ட் சரி என்றது, இன்னொரு குழு நியூட்டன் சரி என்றது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்கள் தனி ஆளில்லை ஐயா. உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்களை நீங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒளி களைத்துப்போகிறதா?

ஒரு சுவையான விஷயம். கரும்பொருளை 1933இல் கிளப்பிவிட்டவர் என்று வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி மேல் உங்களுக்குக் கோபம். ஒளி களைத்துப்போகிறது என்ற யோசனையை 1929இல் முன்வைத்தவரும் அதே ஸ்விக்கிதான். இன்னொன்று, அவர் கரும்பொருள் என்று சொன்னதும் உலகம் பின்னால் ஓடிவிடவில்லை. ஏறக்குறைய நாற்பது வருடம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

களைத்த ஒளியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட வகை சூப்பர்நோவா எரிந்து மங்குவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நமக்குத் தெரியும். ஒளி வெறுமனே களைத்து வந்தால் நிறம் மட்டும்தான் மாற வேண்டும், நாள் கணக்கு மாறக் கூடாது. பிரபஞ்சம் விரிந்தால், அலை நீள்வது போலவே நேரமும் நீண்டு தெரிய வேண்டும். அலைநீளம் இரண்டு மடங்காகி வந்த சூப்பர்நோவா, இருபது நாளில் மங்குவதற்குப் பதில் நாற்பது நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். 2024இல் 1,504 சூப்பர்நோவாக்களை வைத்து இதைப் பார்த்தார்கள். நேரம் அந்தக் கணக்குப்படியே நீண்டிருந்தது. களைத்த ஒளிக்கு இதற்கு மேல் என்ன வழி மிச்சம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

ஜேம்ஸ் வெப் பற்றி: பெருவெடிப்புக்குப் பிறகு 30 கோடி ஆண்டுக்குள்ளாகவே பிரகாசமான திரள்கள் இருந்திருக்கின்றன என்பது உண்மை. எதிர்பார்த்ததைவிட அதிகம், எதிர்பார்த்ததைவிட வெளிச்சம். திரள்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் உருவாயின என்ற கேள்வியை அது எழுப்பியிருக்கிறது. பிரபஞ்சம் விரிகிறதா என்ற கேள்வியை எழுப்பவில்லை. நீங்கள் மேற்கோள் காட்டும், “எல்லாமே தப்போ என்று தூக்கம் வரவில்லை” என்கிற அமெரிக்கப் பேராசிரியையின் பேச்சு, திரள்கள் உருவான விதம் பற்றியது. அதை வெட்டி எடுத்துப் பெருவெடிப்புக்கு எதிராக ஒட்டிவிட்டார்கள். அவரே அதை மறுத்தார். முதல் வேகத்தில் வந்த அறிவிப்புகளையும் பதறாமல் பார்க்க வேண்டும். மிக மிகத் தொலைவு என்று 2022இல் பேசப்பட்ட ஒரு திரள், அடுத்த வருடம் நிறமாலை எடுத்துப் பார்த்தபோது, நினைத்ததைவிட வெகு பக்கத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அதைத் திருத்தியவர்களும் வானியலாளர்கள்தான்.

கிரோட் ரீபர் என்று ஒருவர்

உங்கள் நான்காவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு மனிதரின் கதை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் என்ற ஊரில் கிரோட் ரீபர் என்றொரு ரேடியோ இன்ஜினியர். வானத்திலிருந்து ரேடியோ அலை வருகிறது என்று கார்ல் ஜான்ஸ்கி 1933இல் வெளியிட்டதைப் படித்தவர், அதைத் தொடர யாரும் முன்வராததைப் பார்த்து, 1937இல் சொந்தப் பணத்தில் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்பதரை மீட்டர் அகலத்தில் ஒரு கிண்ண ஆன்டெனாவைக் கட்டினார். பகலில் வேலை. நள்ளிரவுக்கு மேல், கார்களின் இரைச்சல் அடங்கியதும், விடியும்வரை கருவி முன்னால். முதல் அலைவரிசையில் ஒன்றும் கேட்கவில்லை. கருவியை மாற்றிக் கட்டினார், இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை 160 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியபோது பால்வெளியின் இரைச்சல் கேட்டது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத அந்த மனிதரின் கட்டுரையை 1940இல் உலகின் முன்னணி வானியற்பியல் இதழே வெளியிட்டது. அவர் வரைந்த ரேடியோ வானத்தின் வரைபடமும் பின்னால் அதே இதழில் வந்தது. அந்தக் கிண்ணத்தை இன்றும் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லக் காரணம் அதன் இரண்டாம் பாதி. ரீபர் பெருவெடிப்பை ஏற்கவே இல்லை. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது, ஒளி வழியில் சக்தியை இழப்பதால்தான் சிவக்கிறது என்று எழுதினார். உங்கள் கருத்தேதான். 2002இல் டாஸ்மேனியாவில் சாகும்வரை அதில் உறுதியாக இருந்தார். அந்தக் கருத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ரேடியோ வானியலில் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வகுப்பும் தொடங்காது. அவர் அளந்ததை யாரும் மறுபடி அளந்து சரிபார்க்க முடிந்தது, அதனால் அவர் யார், என்ன படித்தார் என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

இன்னொருவர் நம் பக்கத்தவர். பிரிட்டிஷ் இந்தியாவில், ஜெசோர் கருவூலத்தில் எழுத்தராக இருந்த ராதாகோவிந்த சந்திரா. மெட்ரிக் தேறாதவர். வேலை முடிந்து வந்து ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கணித்து 37,000க்கும் மேல் குறிப்புகள் அனுப்பினார். மாறொளி நட்சத்திரங்களைக் கவனிக்கும் அமெரிக்கச் சங்கம் அவருக்காகவே ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பியது. அந்தத் தொலைநோக்கி பிற்காலத்தில் வானியலாளர் வைணு பாப்பு கைக்கு வந்து, நம் காவலூர் வானாய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

பணம், இதழ், காப்புரிமை

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மூன்றுக்குமே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

140 பக்கத்தை மூன்று நாளில் ஏற்றுக்கொண்ட இதழ் அதைப் படிக்கவில்லை. நல்ல இதழ்களிலும் சில கட்டணம் வாங்கும், ஆனால் முதலில் துறை தெரிந்தவர்களிடம் கொடுத்து, வாரக் கணக்கில் எடுத்து, கேள்விகள் கேட்டுத் துளைத்துவிடுவார்கள். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்கிறீர்கள். அது வெறும் பதிவு எண், தரச் சான்றிதழ் இல்லை. வானியல் கட்டுரைகளுக்கென்று நாசாவின் நிதியில் நடக்கும் ஏடிஎஸ் என்ற இலவசத் தேடுபொறி இருக்கிறது. அந்த இதழின் பெயரைப் போட்டு, அதில் வந்த எந்தக் கட்டுரையையாவது வேறு யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பிரதியைத் திரும்பப் பெறுவதாக இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மிரட்டல் வந்தாலும் பணம் கட்ட வேண்டாம்.

காப்புரிமை விஷயத்தில் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு, அறிவியல் கோட்பாட்டைக் கண்டறிவதும் கருத்தளவிலான கொள்கையை உருவாக்குவதும் கண்டுபிடிப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஐன்ஸ்டைனே விண்ணப்பித்தாலும் கிடைக்காது. பதிப்புரிமை நீங்கள் எழுதிய வாசகங்களுக்கு எழுதிய நொடியிலேயே வந்துவிடுகிறது, அதைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. அதே நேரம் அது உங்கள் கருத்தைக் காப்பாற்றாது. யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்துக்கு மருந்து, ஒளித்து வைப்பதில் இல்லை. நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள் என்று தேதியோடு பொதுவில் வைத்துவிடுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆவணத்தைப் பதிவேற்றலாம். தேதியும் நிரந்தர எண்ணும் கொடுப்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் புதியவர்களுக்கு ஏற்கெனவே அங்கே எழுதுபவர் ஒருவரின் பரிந்துரை வேண்டும் என்பதைச் சதி என்று எழுதியிருக்கிறீர்கள். 2004இலிருந்து எல்லோருக்கும் பொதுவான நடைமுறை அது. முதல் கட்டுரை எழுதும் மாணவர்கள்கூட அந்தப் பரிந்துரை வழியாகப் போக வேண்டியிருக்கும்.

புத்தகம்: ஆயிரம் பிரதி அச்சடித்தால் தொள்ளாயிரம் பிரதி உங்கள் வீட்டில்தான் இருக்கும், அதுவும் ஒழுகும் தளத்துக்குக் கீழே. உங்கள் வீட்டு அம்மா எழுதிய இரண்டு வரியை நான் உங்கள் 140 பக்கத்தோடு சேர்த்துத்தான் படித்தேன். அந்தப் பணத்தைத் தளத்துக்கே செலவழியுங்கள். தூக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. வானம் பார்த்து விழிப்பது வேறு, மறுமொழி வரவில்லையே என்று விழித்துக் கிடப்பது வேறு. இரண்டாவதுதான் மாதக் கணக்கில் நடக்கிறதென்றால் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

உறைக்குள் ஓர் எண்

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். உங்கள் 88ஆம் பக்கச் சூத்திரத்தில் மூன்று மாறிலிகள் இருக்கின்றன. ஆண்ட்ரோமெடாவுக்கு ஒரு மதிப்பு, எம்33 திரளுக்கு வேறு மதிப்பு, எம்81 திரளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் வெர்னியர் அளவுகோலின் பூஜ்யத்தை மாற்றி வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாமே சரியான அளவில்தான் இருக்கும். உங்கள் கீழே வேலை பார்த்த பையன் அப்படி அளந்து கொண்டுவந்திருந்தால் நீங்கள் விட்டிருப்பீர்களா? அந்த அறுபது பேரும் இந்தப் பக்கத்தில்தான் பிரதியை மூடி வைத்திருப்பார்கள், அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும்தான். நீங்கள் மில்காரர் என்பதால் யாரும் மூடவில்லை.

ஸ்பார்க் என்ற தரவுத் தொகுப்பில் 175 திரள்களின் சுழற்சி விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு திரளுக்கும் ஓர் அட்டவணை: மையத்திலிருந்து தூரம், அளந்த வேகம், வாயுவின் ஈர்ப்பால் மட்டும் வரக்கூடிய வேகம், நட்சத்திரங்களின் ஈர்ப்பால் மட்டும் வரக்கூடிய வேகம். எக்செல்லிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். முதலில் என்ஜிசி 3198 என்ற திரளில் பழகுங்கள்; அதன் வேகம் நொடிக்குச் சுமார் 150 கிலோமீட்டரில் மட்டமாகப் போகும். உங்கள் மூன்று மாறிலிகளையும் அதில் ஒரே தடவை நிர்ணயித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அப்புறம் டிடிஓ 154 என்ற குட்டித் திரள், என்ஜிசி 2841 என்ற பெரிய திரள். இந்த இரண்டின் அட்டவணையிலும் அளந்த வேகம் இருக்கும் பத்தியை மட்டும் உங்கள் மனைவியை நீக்கித் தரச் சொல்லுங்கள். மிச்சத்தை வைத்து, அதே மாறிலிகளோடு, வேகம் என்னவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தால் கொள்கையைக் கைவிடுவீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விடை என்ன என்று நான் வேண்டுமென்றே இங்கே சொல்லவில்லை.

பொருந்தினால், 140 பக்கம் வேண்டாம், ஒரு பக்கமும் ஒரு வரைபடமும் போதும்; அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று நானே சொல்கிறேன். பொருந்தாவிட்டால் எந்தத் தூரத்தில் விலகத் தொடங்குகிறது என்று பாருங்கள். விலகும் அந்த இடம் உங்களுக்குச் சொல்லித் தருவதை நான் சொல்லித் தர முடியாது.

உங்கள் தொலைநோக்கியையும் சும்மா விட வேண்டாம். 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டு வேலை செய்யும் விக்தோர் புசோ, புதிய கேமராவைச் சோதித்துப் பார்க்க என்ஜிசி 613 என்ற திரளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு நட்சத்திரம் வெடிக்கத் தொடங்கிய கணமே அதில் பதிந்தது. 2018இல் அந்த ஆய்வுக் கட்டுரை வந்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது. உங்கள் நோட்டில் இருக்கும் ஆறு வருடப் படங்களில் ஒளி மாறும் நட்சத்திரங்கள் பல தென்படுகின்றன, நீங்கள் தேதியும் நேரமும் போட்டிருக்கிறீர்கள். சந்திரா குறிப்பு அனுப்பிய அதே சங்கத்துக்கு நீங்களும் அனுப்பலாம். இன்றைக்கு அது இணையத்திலேயே நடக்கிறது, படிப்பு என்ன என்று கேட்க மாட்டார்கள். அந்த வானியல் குழுவுக்கும் ஒருமுறை திரும்பப் போங்கள். சிரித்தது தவறு. கொள்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆண்ட்ரோமெடாவை வரைந்த அந்த நோட்டை மட்டும் எடுத்துப் போங்கள். 37ஆம் பக்கத்தில் அதன் துணைத் திரள்கள் இரண்டையும் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறீர்கள், எட்டு அங்குலத்தில் அதைப் பிடிக்க எத்தனை இரவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மழை தொடங்குவதற்குள் தளத்தை முடித்துவிடுங்கள். கணக்குப் போட்டு முடித்ததும் தாளை உறையில் போட்டு ஒட்டி எனக்கு அனுப்பிவையுங்கள், பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அம்மா அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்க்கும் நாளைச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே கோப்பைத் திறங்கள், நான் இங்கே உறையைத் திறக்கிறேன்.